மச்சாளுக்கு, 12ஆம் கிழமை வருவதற்கு முன்

அன்பின் மச்சாள்,

பிள்ளைக்கு டவுண் சின்றோம் இருக்கிறதா என்று வயிற்றில் இருக்கும்போதே பார்க்கும் சோதனைகளைப் பற்றிப் போன ஞாயிறு நீர் போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் மாமி நின்றார், அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது. "அதெல்லாம் டொக்டர் சொல்லுவார், நீர் யோசிக்காதேயும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்தபிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் என்னிடம் எல்லோரும் சொன்ன வசனம் அது. அப்போது எனக்கு அது எவ்வளவு எரிச்சலைத் தந்தது என்று உமக்குத் தெரியாது.

உம்மிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உம்மை யாரும் கண்டுபிடித்துவிட மாட்டார்கள். நாற்பதை நெருங்கி முதல் பிள்ளைக்குக் காத்திருப்பவர் யாழ்ப்பாணத்தில் நீர் ஒருவர் மட்டுமா? சண்டை முடியட்டும், அண்ணன்மார் வெளிநாட்டில் நிமிரட்டும், சீதனக் காணி எழுதட்டும், மாப்பிள்ளைக்கு விசா வரட்டும் என்று எத்தனை பேரின் கலியாணம் தள்ளிப்போனது. மாமி இன்டர்நெற் பார்ப்பதில்லை, அது நமக்கு வசதி.

நீர் கேட்டது இதுதான்: "எனக்கு 39, இப்ப 9 கிழமை. அந்த மேலதிக ரெஸ்ற் எல்லாம் செய்யவேணுமோ?"

முதலில் என் கதை. எனக்கு அப்போது 41. இரவு எட்டரை மணிக்கு ஒரு தனியார் இடத்தில் காசு கட்டி டொக்டரைச் சனல் பண்ணி, நாற்பதாவதோ என்னவோ நம்பரில் உள்ளே போனேன். டொக்டர் ஒரு துண்டில் எதையோ எழுதித் தந்தார். சீனி பார்க்க இரத்தம் கொடுப்பது போலக் கொடுத்தேன், ஸ்கானுக்கும் படுத்தேன். அடுத்த முறை போனபோது றிப்போட்டில் 1:74 என்று இருந்தது. "ஹை றிஸ்க். கொழும்புக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டுப் பார்க்கலாம், யோசித்துச் சொல்லுங்கோ" என்றார். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். 1860களில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிசனரி வைத்தியர் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த மானிப்பாயிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். அந்த இலக்கம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தமிழில் விளங்கப்படுத்த அன்று ஒருவரும் இருக்கவில்லை.

ஓட்டோவில் வரும்போது உம்முடைய அண்ணா கணக்கு வாத்தியார் குணத்தைக் காட்டினார். "74 பேரில் 73 பேருக்கு ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்" என்றார். கணக்கு சரி. ஆனால் எனக்கு அந்த 73 பேரும் கண்ணில் படவில்லை. மீதி அந்த ஒருவரோடுதான் பிறகு ஆறு மாசம் குடியிருந்தேன்.

அந்த இலக்கம் எப்படி வருகிறது என்று நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நீர் முதலே தெரிந்துகொள்ளும். நீர் மாமியின் வயிற்றில் இருந்தபோதே உம்முடைய கருமுட்டைகள் எல்லாம் உருவாகிவிட்டன. புதிதாக ஒன்றும் பிறகு வருவதில்லை. 95 சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தை உம்மோடு சேர்ந்து கடந்த முட்டைதான் இப்போது பிள்ளையாகியிருக்கிறது. இவ்வளவு காலம் காத்திருந்த முட்டை பிரியும்போது குரோமோசோம்கள் சரிபாதியாகப் பிரியாமல் ஒன்று கூடிப்போகலாம். 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருந்தால் டவுண் சின்றோம், பிள்ளையின் அறிவு வளர்ச்சி பிந்தும் பிறவி நிலை. 25 வயதில் அது 1200க்கு 1 போல, 35இல் 350க்கு 1 போல, 40இல் ஏறத்தாழ 100க்கு 1. கணக்கு உம்முடைய வயதிலிருந்துதான் தொடங்கும். பிறகு பிள்ளையின் பின்கழுத்தில் உள்ள நீரின் தடிப்பையும் உம்முடைய இரத்தத்தில் உள்ள இரண்டு பொருட்களின் அளவையும் வைத்துக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். அதனால் நம் வயதில் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லாமலே 'ஹை றிஸ்க்' என்று வந்துவிடுவது சாதாரணம். இதை யாராவது எனக்கு முதலே சொல்லியிருந்தால் அந்த ஓட்டோவில் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

இந்தச் சோதனைக்கு நாள் கணக்கு உண்டு. 11 கிழமை நிறைந்ததிலிருந்து 13 கிழமையும் 6 நாளும் வரைதான். அதைத் தவறவிட்டால் 15க்கும் 20க்கும் இடையில் இரத்தத்தில் மட்டும் பார்ப்பது ஒன்று இருக்கிறது, ஆனால் அது கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். உம்மிடம் இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. அதனால்தான் அவசரப்பட்டு எழுதுகிறேன்.

இனி லண்டனில் இருக்கும் உம்முடைய அக்கா சொன்ன என்ஐபிரி (NIPT) என்ற இரத்தச் சோதனை. அவர் சொல்வது உண்மை. தாயின் இரத்தத்தில் மிதக்கும் நச்சுக்கொடியின் டிஎன்ஏ துண்டுகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். 10 கிழமைக்குப் பிறகு எடுக்கலாம். டவுண் சின்றோம் உள்ள 100 பிள்ளைகளில் 99ஐப் பிடிக்கும். நான் செய்ததோ 85இலிருந்து 90 வரைதான் பிடிக்கும். இங்கிலாந்தில் முதல் சோதனையில் 150க்கு 1 அல்லது அதைவிடக் கூடுதல் என்று வந்தவர்களுக்கு 2021 முதல் இதை அரசாங்கச் செலவிலேயே செய்கிறார்கள். இங்கே கைக்காசுதான். இடத்துக்கு இடம் விலை மாறும், எதையெல்லாம் பார்ப்பார்கள் என்பதும் மாறும். 21, 18, 13 என்ற மூன்று குரோமோசோம்களைப் பார்ப்பதே போதும். கூடக் கூட என்று விற்கும் பட்டியலுக்குக் காசைக் கொட்டவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த ஒரு சோதனைக்கு மட்டும் நம்முடைய வயது நமக்குச் சாதகம். 40 வயதில் ஆயிரம் பேர் இதைச் செய்தால் ஏறத்தாழ பத்துப் பேருக்கு உண்மையாகவே இருக்கும், ஒருவருக்குப் பொய்யாகக் காட்டலாம். 25 வயதில் ஆயிரம் பேர் செய்தால் உண்மையாக ஒருவர், பொய்யாகவும் ஒருவர். அதனால் நமக்கு 'இருக்கிறது' என்று வந்தால் அதை இளம் பெண்களை விடக் கூட நம்பலாம். நம்பலாம் என்றுதான் சொல்கிறேன், முடிந்த முடிவு என்று சொல்லவில்லை. நச்சுக்கொடியில் உள்ளது பிள்ளையில் இல்லாமலும் போகலாம். உறுதி சொல்வது அந்த ஊசிதான், 15 கிழமைக்குப் பிறகு வயிற்றால் ஊசி விட்டுப் பன்னீர்க்குடத்து நீரை எடுப்பது. அதால் கரு கலையும் ஆபத்தை முந்தி நூற்றுக்கு ஒன்று என்றார்கள். இப்போது பழகிய கையில் 200க்கு 1ஐ விடக் குறைவு என்கிறார்கள்.

சரி, இவ்வளவும் வைத்தியம். நான் சொல்ல வந்தது வேறு.

உம்முடைய அக்காவின் ஊரில் றிப்போட் வந்ததும் ஒரு முச்சந்தி வரும், எந்தப் பக்கம் போவது என்று தாய் தீர்மானிக்கலாம். இங்கே ஒரே வீதிதான். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைதான் இன்னும் நம்மை ஆளுகிறது. 303ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருவைக் கலைக்கலாம். பிள்ளைக்கு என்ன இருந்தாலும், பிறந்து ஒரு மணித்தியாலம் தாங்காது என்றாலும், சட்டம் இடம் தராது. உயிர்தப்ப முடியாத குறைபாடுகளுக்காவது அனுமதிக்கலாம் என்று 2017இல் அமைச்சரவை வரை ஒரு யோசனை போனது. பிறகு எதிர்ப்பு வந்து அப்படியே நின்றுவிட்டது. இதை எந்த டொக்டரும் எனக்குச் சோதனைக்கு முதல் சொல்லவில்லை. காதோடு காதாகச் சிலர் சொல்லும் வழிகள் உமக்கும் வந்துசேரும். அந்த வழியில் போய்ச் செத்தவர்களை நம் தலைமுறைக்குத் தெரியும், அதற்குமேல் அதைப்பற்றி எழுதப்போவதில்லை.

அதனால் இரத்தம் கொடுக்க முதல் நீரும் தம்பியும் புருஷன் பெண்சாதியாக இருந்து பேசவேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இருக்கிறது' என்று வந்தால் நாளைக் காலை நாங்கள் என்ன செய்வோம்? பதில் 'ஒன்றும் செய்யமாட்டோம், பெறுவோம்' என்றால், முதலே தெரிவது உமக்கு உதவுமா, நித்திரையைக் கெடுக்குமா? இது ஆளுக்கு ஆள் வேறு. நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் கையை நீட்டினேன். 1:74 வந்தபிறகுதான் கேட்டேன். ஊசி வேண்டாம் என்று தீர்மானித்தோம். 400 கிலோமீற்றர் போய்வருவதற்கு அலுத்தா, ஊசிக்குப் பயந்தா, பதிலுக்குப் பயந்தா என்று எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை. பிள்ளை சுகமாகப் பிறந்தது. அதை வைத்து என் தீர்மானம் சரி என்று எடுத்துக்கொள்ளாதேயும். 73 பேரில் ஒருத்தியாக இருந்தேன், அவ்வளவுதான்.

தெரிந்துகொள்வதால் பிரயோசனம் இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். எங்கள் ஒழுங்கை முகப்பு வீட்டுப் பையனை உமக்குத் தெரியும், பின்னேரம் கோயில் மணி அடிக்கவென்று முதல் ஆளாக ஓடுபவன். அவனுக்கு டவுண் சின்றோம். அவனைப் பெறும்போது தாய்க்கு 26 வயது, யாரும் ஒரு சோதனையும் கேட்கவில்லை. பிறந்து இரண்டு நாளில் உடம்பு நீலம் பாரித்தது, இருதயத்தில் ஓட்டை. இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருதயத்தில் ஏதாவது இருக்கும். சத்திர சிகிச்சைக்குப் பொரளை சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். சிங்களம் தெரியாமல், தையல் காயம் ஆறாமல், அந்த மனிசி அங்கே மாசக் கணக்கில் கிடந்தது. என் 1:74ஐப் பற்றி நான் மூச்சுவிட்ட ஒரே ஆள் அவர்தான். "முதலே தெரிஞ்சிருந்தா அழுது முடிச்சுப்போட்டுப் பெத்திருப்பன். எனக்கு எல்லாம் ஒரே நாளில வந்தது" என்றார்.

அந்த 'அழுது முடித்துவிட்டு' என்பதற்காகவே செய்யலாம். எங்கே பெறுவது, பிறக்கும்போது யார் பக்கத்தில் நிற்கவேண்டும், கையில் எவ்வளவு காசு வேண்டும் என்று முதலே பார்க்கலாம். அப்படி நினைத்தால், உம்முடைய வயதில் நானாக இருந்தால் நேரே என்ஐபிரி செய்திருப்பேன், அரைகுறை இலக்கத்தோடு அலைந்திருக்க மாட்டேன். காசு இடிக்குது என்றால் முதல் சோதனையை மட்டும் செய்து, 1க்குப் பக்கத்தில் எந்த இலக்கம் வந்தால் அடுத்த படிக்குப் போவீர் என்று இரத்தம் எடுக்க முதலே கொப்பியில் எழுதி வையும். வந்தபிறகு மனம் எழுத விடாது. ஒன்றும் வேண்டாம் என்றாலும் சரி. கோப்பாயில் என்னோடு படிப்பிப்பவர் 43 வயதில் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்லி, ஒன்பது மாசமும் நிம்மதியாகத் தூங்கினார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

எதை விட்டாலும் 18ஆம் கிழமைக்கும் 22ஆம் கிழமைக்கும் இடையில் செய்யும் பெரிய ஸ்கானை விடாதேயும். இருதயம், முள்ளந்தண்டு, சிறுநீரகம் எல்லாம் அதில்தான் தெரியும், என்ஐபிரிக்கு அவை தெரியாது. அப்புறம், குரோமோசோம் பயத்தில் பிறஷரையும் சீனியையும் மறந்துவிடாதேயும். நம் வயதில் பிள்ளைத்தாச்சியை உண்மையாகவே படுக்கப்போடுவது அவை இரண்டும்தான். எனக்கு ஏழாம் மாசத்தில் பிறஷர் ஏறிப் பெரியாஸ்பத்திரியில் 11 நாள் கிடந்தேன். பிறஷர் வராமலிருக்க 12 கிழமை போல அஸ்பிரின் தொடங்கவேண்டுமா என்று டொக்டரிடம் நீராகவே கேளும், நீராக வாங்கிப் போடாதேயும். 35க்கு மேல் என்றால் கிளினிக்கில் அட்டையில் அதை எழுதுவார்கள், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். அந்த எழுத்து இருந்தால்தான் உம்மைக் கவனித்து மேலே அனுப்புவார்கள். உங்கள் பக்கத்துக் குடும்பநல உத்தியோகத்தர் நல்ல மனிசி, ஆறுதலாக இருந்து கதைக்க நேரம் உள்ள ஆள் அவர்தான்.

மாமிக்குச் சொல்வதா என்று கேட்டீர். இப்போது வேண்டாம். நல்லூரில் தூக்குக்காவடி வரை நேர்த்தி வைத்துவிடுவார், எடுப்பது உம்முடைய அண்ணாவாக இருக்கும்.

வாற வியாழக்கிழமை உம்முடைய கிளினிக். எனக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு ஒன்று மிச்சம் இருக்கிறது, காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன். தம்பியையும் லீவு போடச் சொல்லும், அந்தக் கேள்விக்கு அவரும் பதில் சொல்லவேண்டும். மாமி எங்கே என்று கேட்டால் சீனிச் சோதனைக்கு என்று சொல்வோம். பொய்யுமில்லை, அதையும் எடுக்கத்தான் வேண்டும். வெறும் வயிற்றோடு வாரும். திரும்பி வரும்போது தோசை சாப்பிடலாம்.

அன்புடன்,
மச்சாள்