கையுவான் கோயிலுக்கு அரை நாள் கொடுங்கள்

எங்களைச் சீனாவுக்கு அழைத்துச் சென்ற சுற்றுலா நிறுவனத்தாருக்கு,

வணக்கம். குவான்சோ நகரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். கோபம் ஆறட்டும் என்று ஒரு மாதம் பொறுத்தேன், ஆறவில்லை.

அந்த ஊரின் பழைய பௌத்தக் கோயிலான கையுவானுக்கு நீங்கள் ஒதுக்கியது 25 நிமிடம். அங்கே கிழக்கிலும் மேற்கிலுமாக இரண்டு கோபுரங்கள். என் அப்பா 40 ஆண்டுகள் உளி பிடித்த கல்தச்சர். மேற்குக் கோபுரத்தடியில் அண்ணாந்து நின்றவர், "மரவேலையை அப்படியே கல்லில் இறக்கியிருக்கிறார்கள். கூரையைத் தாங்குவதைப் பார், நம் போதிகை மாதிரி" என்றார். போதிகை என்றால் நம் கோயில் தூண்களின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கல். சரியாகத்தான் பிடித்தார். அங்கே முதலில் நின்றவை மரக் கோபுரங்கள்; பிறகு செங்கல். 1228க்கும் 1250க்கும் இடையில்தான் மேற்கையும் கிழக்கையும் அடுத்தடுத்துக் கருங்கல்லில் எழுப்பினார்கள். எட்டுப் பட்டை, ஐந்து நிலை, கோபுரத்துக்கு 80 சிற்பங்கள். 1604 நிலநடுக்கத்துக்கும் அசையாமல் நின்றவை.

மேற்குக் கோபுரத்தின் நான்காம் நிலையில் குரங்கு முகத்தோடு ஒரு வீரன் இருக்கிறான். அனுமன் சாயல் என்பாரும் உண்டு. அவனைத் தேடி அப்பா மூன்றாவது பட்டைக்குத் திரும்பும்போதே வழிகாட்டி கொடியை ஆட்டிவிட்டார். 48 மீட்டர் கிழக்குக் கோபுரத்தை அப்பா பார்த்தது பஸ் ஜன்னல் வழியாக.

பெரிய மண்டபத்தின் பின்புறம் "ஒன்றுமில்லை" என்றார் அதே வழிகாட்டி. நரசிம்மரும் கண்ணனும் செதுக்கிய இரண்டு தூண்கள் அங்கேதான் நிற்கின்றன, அழிந்துபோன ஓர் இந்துக் கோயிலின் மிச்சமாக. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் ஐயா அது! உங்கள் விளம்பரத்தில் "தமிழர் தடம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அன்று இரண்டரை மணி நேரம் உட்கார்த்திவைத்த பட்டுக்கடையில் எந்தத் தமிழரின் தடத்தைத் தேடினோம்? ஒன்றை மறைக்கக் கூடாது: மூன்று வேளையும் சாம்பார் தவறவில்லை. அந்தச் சிரத்தையில் கால்பங்கு கோயிலுக்குக் கிடைத்திருக்கலாம்.

மன்னிக்கவும், சொல்ல வந்தது வேறு. பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. இனிப் போகும் குழுக்களுக்காவது கையுவானில் அரை நாள் கொடுங்கள். விவரம் தெரிந்த ஒருவரை உடன் அனுப்புங்கள்.

பயணத்திட்டத் தாளின் பின்பக்கம் அப்பா அந்தப் போதிகையை வரைந்து வைத்திருக்கிறார், பாதி வரைக்கும். அரை நாள் என்று எழுத்தில் தந்தால் அவருக்காக மறுபடி பணம் கட்டத் தயார். அடுத்த பயணத் தேதியைத் தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயணி ஒருவன்