சாஸ்தா கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை: ரசீதுச் செயலியில் 'வசூலித்தவர்' பெயர் மாறியது குறித்து

வரிதாரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பச்சையாற்றங்கரை நம் சாஸ்தா கோயில் திருப்பணி முடிந்து, கும்பாபிஷேகமும் மண்டல பூஜையும் நல்லபடியாக நிறைவேறின. விமானச் சுதை வேலை, வர்ணம், மேல்தளத் தட்டோடு, மடைப்பள்ளிக் கூரை, மயிலாடிக் கல்லில் பேச்சியம்மன் பீடம் எல்லாம் பேசிய தொகைக்குள் முடிந்துவிட்டன. வரவு செலவு மண்டபப் பலகையில் ஒட்டியிருக்கிறது.

உங்கள் கேள்வியெல்லாம் ரசீதுச் செயலியைப் பற்றித்தான். பங்குனி உத்திரத்தன்று கூட்டத்தில், "வசூல் பூராவும் ஒரே ஆள் பேர்லயே இருக்கே, இது என்ன கணக்கு?" என்று மும்பையிலிருந்து வந்த வரிதாரர் செல்போனைத் தூக்கிக் காட்டினார். அந்த ஒரே ஆள் நம் பொருளாளர் அண்ணாச்சி. அன்று படைப்புச் சோறு சாப்பிடாமலே அவர் வீட்டுக்குப் போனார். அதனால் இதை விவரமாக எழுத வேண்டியது செயலாளர் என்ற முறையில் என் கடமை.

நெல்லை, சென்னை, மும்பை மூன்று இடத்திலும் சேர்த்து வசூலுக்குப் போனவர்கள் 9 பேர். ஆளுக்கொரு ரசீதுப் புத்தகம் கொடுத்தோம். கணக்கு அன்றன்றைக்கே எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று, கூகுள் ஷீட்டை அடியில் வைத்து, செயலி செய்ய உதவும் ஆப்ஷீட் என்ற கூகுள் கருவியில் ஒரு செயலியும் செய்யச் சொன்னோம். பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர் 12,000 ரூபாய்க்குச் செய்து கொடுத்தார். 'வசூலித்தவர்' கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் பெயரைத் தட்ட வேண்டாம், யார் உள்ளே வந்திருக்கிறாரோ அவர் பெயர் தானாக நிற்கட்டும் என்று கேட்டது நாங்கள்தான். தம்பி 'ஆப் ஃபார்முலா' என்ற இடத்தில் 'யூசர்இமெயில்' சூத்திரத்தைப் போட்டார். உள்ளே வந்தவருடைய மெயில் முகவரியைக் காட்டும் சூத்திரம் அது. பெயருக்குப் பதில் அந்த மெயில் வந்தது. எங்களுக்கும் திருப்தி.

கோளாறு அந்த இடத்தில்தான் இருந்தது. ஆப் ஃபார்முலாவில் போட்டது, பதிவைத் திறந்து திருத்தும் ஒவ்வொரு முறையும் மறுபடி கணக்குப் போடும். 'இனிஷியல் வேல்யூ'வில் போட்டிருந்தால் புதுப் பதிவு தொடங்கும்போது மட்டும் பெயரை நிரப்பிவிட்டு, அப்புறம் அதைத் தொடாது. அண்ணாச்சி தினமும் ராத்திரி தார்சாவில் உட்கார்ந்து, பாஸ்புக்கை மடியில் விரித்து, ஒவ்வொரு ரசீதாகத் திறந்து 'வங்கியில் சேர்ந்தது' என்று டிக் போடுவார். சேமித்ததும் வசூலித்தவர் கட்டத்தில் அவருடைய மெயில் ஏறிவிடும். அவர் சரிபார்க்காத ரசீதுகளில் மட்டும்தான் உண்மையான பெயர் தங்கியது.

கூகுள் ஷீட்டின் திருத்த வரலாற்றைப் பார்க்கலாமே என்று சிலர் சொன்னீர்கள். பார்த்தோம். நம் செயலி அமைந்திருந்த விதத்தில், யார் பதிந்தாலும் செயலியை உருவாக்கியவர் கணக்கிலிருந்தே ஷீட்டுக்குப் போகும். அதனால் அங்கே தம்பியின் மெயில்தான் வரிசையாக இருந்தது. கடைசியில் கைகொடுத்தது, ரசீதைக் கிழித்துக் கொடுத்தபின் புத்தகத்திலேயே தங்கும் அடிக்கட்டைதான். மஞ்சப்பையில் கட்டி வைத்திருந்த 9 புத்தகங்களையும் கொட்டி, குங்குமக் கறை படிந்த தாள்களைக்கூட விடாமல், இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ரசீது எண்ணை வைத்து ஒவ்வொரு பெயரையும் திருத்தினோம். தொகையில் ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை.

தம்பியோடு நடந்த தகராறையும் மறைக்க விரும்பவில்லை. திருத்தித் தர 5,000 ரூபாய் கேட்டார். "உன் தப்புக்கு நாங்க ஏன் கொடுக்கணும்?" என்றோம். "நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்? பொருளாளர் திறந்து டிக் போடுவார்னு யாராவது சொன்னீங்களா?" என்றார். யாரும் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்த நாளிலும் நாங்கள் புது ரசீதுதான் போட்டுப் பார்த்தோம், பழைய ரசீதைத் திறக்கவே இல்லை. அதனால் 3,500 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். இது தண்டச் செலவு என்பவர்களுக்கு, குழு ஒருமனதாக எடுத்த முடிவு இது என்பதே பதில். கூட்டத்தில் வைத்து அந்தப் பிள்ளையைப் பேசிய பேச்சு அதிகம் என்றும் பதிவு செய்கிறேன்.

திருத்தும்போது இன்னொரு வாதம் வந்தது. தானாக வரும் பெயரை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிடலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். கீழத்தெரு ஆச்சி வீடு வீடாக நடந்து வாங்கி வந்ததையெல்லாம் பேரன்தான் தன் போனில் பதிவான். பூட்டினால் ஆச்சி வாங்கியது பேரன் பெயரில் நிற்கும். பணத்தை வாங்கினவர் வேறு, பதிந்தவர் வேறு. இதை ஒரே கட்டத்தில் அடைத்ததுதான் எங்கள் முதல் தவறு என்று அப்போதுதான் விளங்கியது. இப்போது 'வசூலித்தவர்' கட்டத்தில் உள்ளே வந்தவர் பெயர் முதலில் நிற்கும், 9 பேர் பட்டியலிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். 'பதிந்தவர்' தனிக் கட்டம், புதுப் பதிவில் ஒரு தடவை நிரம்பும், யாரும் கை வைக்க முடியாது. 'சரிபார்த்தவர்' மூன்றாவது கட்டம், அதில்தான் அண்ணாச்சி பெயர் வரும். திருத்தும்போது கட்டத்தை மறுபடி முதலிலிருந்து நிரப்பிவிடும் 'ரீசெட் ஆன் எடிட்' என்ற வசதியும் அணைந்தே இருக்கிறதா என்று நான் நேரில் பார்த்துவிட்டேன்.

பெரிய தொகை தந்த வள்ளியூர் அரிசி ஆலைக்காரர், சென்னையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி நால்வர், தாராவி வாழ் நம் பிள்ளைகள், மேலத்தெரு மைனிமார் சீட்டுக் குழு, தட்டோடு முழுவதையும் ஏற்ற களக்காட்டு வாழைத்தார் வியாபாரி, மணி வாங்கித் தந்த ஓய்வுபெற்ற தபால்காரர், தினம் 10 ரூபாய் உண்டியலில் சேர்த்து உடைத்துக் கொடுத்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோருக்கும் குழுவின் நன்றி. முழுப் பெயர்ப் பட்டியல் முன்மண்டபக் கல்வெட்டில் இருக்கிறது.

அடிக்கட்டைப் புத்தகங்கள் ஆடி மாதம் முடியும்வரை கோயில் அலமாரியில் இருக்கும். வரிதாரர் யாரும் வந்து பார்க்கலாம். பொருளாளர் அண்ணாச்சி பொறுப்பிலிருந்து விலகக் கொடுத்த கடிதத்தைக் குழு ஏற்கவில்லை.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் குழு