காணாத காட்டை வரையலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கையின் மீதான ஏக்கத்தில் பிறந்த கற்பனை நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் கலைப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அந்த மலைகளும் ஓடைகளும் உலகில் எங்கும் இல்லாதவை என்பதையே ஒரு குறையாகக் கொண்டு, இத்தகைய ஓவியங்கள் நிஜத்தைவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வழி என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். இந்த முடிவு பொருந்தாது என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குகளுக்கு வரி வசூலிக்கும் ஊழியராக இருந்தவர் ஹென்றி ரூசோ (1844–1910). பிரான்ஸைத் தாண்டிச் சென்றிராத அவரை, வெப்பமண்டலக் காடுகளை வரைந்தவராகவே இன்று உலகம் அறிந்திருக்கிறது. (படைவீரராக மெக்சிகோ சென்று காட்டைக் கண்டதாக ஒரு கதை உலவியதும், அதை மறுக்க அவர் அவசரப்படாததும் வேறு விஷயம்.) அவருடைய காட்டுக்கு மூலம் பாரிஸ் தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீடுகள், அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த விலங்குகள், படத் தொகுப்புகள் ஆகியவைதாம். 1891இல் அவர் வரைந்த, புயல் மழையில் பதுங்கும் புலியின் ஓவியத்தில், திரைச்சீலையின் குறுக்கே சாய்வாக ஓடும் மெல்லிய வெள்ளிக் கோடுகளே மழையாகின்றன. அந்தக் காட்டை அவர் பார்த்ததில்லை. ஆனால் ஓர் இலையின் நரம்பு எப்படிப் பிரிகிறது என்பதை உற்றுப் பார்த்திருக்கிறார். இறந்த ஆண்டான 1910இல் வரைந்த ‘கனவு’ என்ற ஓவியத்தில் அடர்ந்த காட்டின் நடுவே ஒரு சோபா கிடக்கிறது. அதன்மேல் ஒரு பெண். சோபாவில் உறங்கும் அவள் தான் காட்டுக்குள் வந்துவிட்டதாகக் கனவு காண்கிறாள் என்று ரூசோ விளக்கம் கூறினார். அறைக்குள் இருப்பவரின் ஏக்கத்தை இதைவிட வெளிப்படையாக யாரும் வரைந்ததாகத் தெரியவில்லை. நிஜத்தை மறைக்க நினைப்பவர் அந்தச் சோபாவை அல்லவா முதலில் அழித்திருப்பார்?

சீன மரபில் இந்த ஏக்கம் ஒரு கொள்கையாகவே பேசப்பட்டது. சோங் பிங் (375–443) என்னும் ஓவியர், முதுமையும் நோயும் வந்து மலையேற இயலாமற்போனபோது, தாம் சுற்றித் திரிந்த மலைகளை அறைச் சுவர்களில் வரைந்து, படுத்தபடியே அவற்றில் உலவப்போவதாகச் சொன்னார். அந்த மலைகள் எதிரொலிக்கும்படி யாழ் போன்ற தம் இசைக்கருவியை மீட்ட விரும்பினார் என்றும் அவரைப் பற்றிய குறிப்பு உண்டு. பதினோராம் நூற்றாண்டின் ஓவியர் குவோ ஷி இன்னும் தெளிவாகப் பேசினார். அரசப் பணியும் பெற்றோரைப் பேணும் கடமையும் ஒருவரைக் காட்டுக்குப் போகவிடாதபோது, அந்தக் குறையை ஓவியம் தீர்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. நடந்து போகத்தக்க நிலக்காட்சி, பார்க்கத்தக்க நிலக்காட்சி, உலவித் திரியத்தக்கது, குடியிருக்கத்தக்கது என அவர் வகுத்தவற்றுள் பின்னிரண்டுமே உயர்ந்தவை. 1072இல் அவர் பட்டில் தீட்டிய ‘முன்வேனில்’ ஓவியத்தின் மலையும் எந்த ஒரு மலையின் பிரதியுமன்று.

திணை மரபில் வளர்ந்த நமக்கு இதில் வியப்பு ஏன் என்று தெரியவில்லை. காத்திருத்தலுக்கு முல்லையையும் இரங்கலுக்கு நெய்தலையும் வகுத்த மரபு, பிரிவுக்குரிய பாலைக்குத் தனி நிலமே தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரியும்போது தோன்றுவதே பாலை. ஒரு நெய்தல் பாட்டைப் படித்துவிட்டு, அது எந்தக் கடற்கரை, அங்கே அந்தப் புன்னை நிற்கிறதா என்று கேட்பவர் இல்லை. ஓவியரிடம் மட்டும் ஏன் முகவரி கேட்கிறோம்?

கட்டுரையாளரின் ஐயத்தில் ஒரு பகுதி நியாயமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரத்தின் அடிப்பாகத்தை வரையத் தெரியாதபோது அங்கே பனிமூட்டத்தைப் பூசி மறைக்கும் ஓவியங்களும், எல்லாப் பச்சையையும் ஒரே பச்சையாகத் தீட்டும் ஓவியங்களும் ஏராளமாக வருகின்றன. அவற்றை நானும் விரும்புவதில்லை. ஆனால் அங்கே குறை கற்பனையில் இல்லை, கவனிப்பில் இருக்கிறது. உண்மையாக ஏங்குபவர், பிரிந்தவரின் முகத்தை நினைவுகூர்வதைப் போல, மரப்பட்டையின் வெடிப்பைக்கூட நுணுக்கமாக நினைவுகூர்வார்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையுடன் வெளியான படத்தின் கீழ்ப்பகுதி, பக்க அளவுக்காக வெட்டப்பட்டிருந்தது போலத் தோன்றியது. எடுத்துக்காட்டாக, குவோ ஷியின் ‘முன்வேனில்’ ஓவியத்தில் மனிதர்கள் எறும்பளவே உள்ளனர்; படகிலிருந்து கரையேறுவோரும் மீனவரும் கீழ் ஓரத்தில்தான் இருக்கிறார்கள். அந்த ஓரத்தை வெட்டினால் மலை எவ்வளவு பெரியது என்பதே தெரியாமல் போய்விடும். இனி இத்தகைய ஓவியங்களை வெளியிடும்போது, சிறியதாயினும் முழுமையாக, அளவையும் குறிப்பிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்