மணி அடித்தும் கதவைத் திறக்கவில்லை, அக்கா

அன்புள்ள அக்கா,

இன்றைக்கு மார்ச் 31. கொழும்பில், வெள்ளவத்தையிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, காலையில் கையெழுத்தும் வைத்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து தையல் அங்கேதான். யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவருவதற்கு முன் நானே சொல்லிவிட நினைத்தேன்.

2022இல் இதே நாள், பொருளாதார நெருக்கடி நேரம், 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு. மெழுகுதிரி வெளிச்சத்தில் அம்மாவின் மிதி மெஷினில் மூட்டி வைத்திருந்தேன். ஆனால் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லொக் மெஷினும் இஸ்திரியும் கரண்ட் இல்லாமல் ஆகாதே. கல்யாண வீட்டுச் சட்டை ஆறு, விடிந்தால் கொடுக்க வேண்டும். கரண்ட் வந்து கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை, வாசல் மணி அடித்தது. திரைச்சீலை இடுக்கால் பார்த்தேன். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மாடியை அண்ணாந்து பார்த்தபடி நின்றீர்கள். இன்னொரு தரம் அடித்தீர்கள். நான் மெஷின் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. மெஷின் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும். அதுதான் என்னை இன்னும் தூங்கவிடாமல் செய்கிறது.

இருட்டியபிறகு இறங்கிப் போனால் கேட்டில் சாப்பாட்டுக் கரியர் தொங்கியது. புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். கேஸ் இல்லாத வீட்டில் சமைத்து, டீசல் இல்லாமல் பஸ்கள் நின்றுபோன நாளில், கொட்டாஞ்சேனையிலிருந்து கொண்டுவந்திருந்தீர்கள். எதற்காக வந்தீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சொந்தக்காரரும் வாடிக்கையாளரும் வாசிக்கும் இடம் இது, அதை இங்கே எழுத மாட்டேன்.

கதவைத் திறக்காததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சட்டையைச் சொன்ன நேரத்துக்குக் கொடுத்ததற்குக் கேட்க மாட்டேன்.

நான் ஒஃபிஸில் வேலை செய்த ஒன்பது வருடத்தில், பகல் பதினொரு மணிக்கு வந்து என்னை ஒருநாளாவது கூப்பிட்டீர்களா? வேலையை விட்டதும் கேஸ் வரிசைக்கு நான், பெரியம்மாவின் கிளினிக்குக்கு நான், ஆடிவேல் திருவிழாவுக்கு வரும் விருந்தாட்களுக்குச் சமைக்க நான். "நீ வீட்டிலதானே இருக்கிறாய்." எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! முதலாளி இல்லையென்றால் எட்டரைக்கு மெஷினில் உட்காரச் சொல்லவும் ஆளில்லை, அக்கா. நானேதான் என்னை எழுப்ப வேண்டும், நானேதான் போனை மூடி வைக்க வேண்டும். ஒருநாள் தளர்ந்தால் அடுத்த நாள் இன்னும் சுலபமாகத் தளர்கிறது. அந்தப் பயத்தில்தான் அன்று எழும்பவில்லை.

வேலையை விட்டால் ஈபிஎஃப், அந்த ஊழியர் சேமலாப நிதி, போய்விடும் என்று அழுதீர்கள். என் சம்பளத்தில் 8 வீதம், ஒஃபிஸ் போடுவது 12 வீதம் என்று விரல்விட்டு எண்ணினீர்கள். அது சரியான பேச்சு. அதனால்தான் வரும் காசில் நூற்றுக்கு 20ஐ முதலில் வங்கியில் போட்டுவிட்டுத்தான் நூல் வாங்குகிறேன். 2022 ஏப்ரலில் மட்டும் முடியவில்லை. மே மாதம் சேர்த்துப் போட்டேன். இதையெல்லாம் உங்களிடம் காட்ட ஆசையாக இருந்தது, நீங்களோ கேட்கவேயில்லை.

கரியர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. புது அறையில் ஒரு மணி சாப்பாட்டு நேரம், அப்போது வாருங்கள். மேல்மாடி, படி செங்குத்து, உங்கள் முழங்காலுக்குச் சரிவராது. கீழே நின்று கூப்பிடுங்கள், நான் இறங்கி வருகிறேன்.

தங்கச்சி