போக எட்டு மணி, வர ஏழு மணி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதழின் விமானப் பயணக் குறிப்புகளில், விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்று வைத்து, தூரத்தை 900-ஆல் வகுத்து நேரம் போட்டுவிடுகிறார்கள். 30 வருடம் பூகோளம் நடத்தியவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

லண்டன், நியூயார்க் விமான நிலையங்களுக்கு இடையே சுமார் 5,540 கி.மீ. லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம் ஆகிறது. திரும்பி வர ஏழுதான், சில நாள் அதற்கும் குறைவு. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக் காற்று, திரும்பி வரும்போது விமானத்தைத் தள்ளிவிடுகிறது, போகும்போது எதிர்க்கிறது. குளிர்காலத்தில் அந்தக் காற்றுக்கு வலு அதிகம். வழியும் நேர்கோடு இல்லை. பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால், அது வடக்கே வளைந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு வழியாகப் போவது தெரியும். வகுப்பில் இதைக் காட்டும்போதெல்லாம் பிள்ளைகளின் கண் விரியும்.

அப்புறம் கடிகாரம். என் மகள் லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பட்டு, பிற்பகல் 2 மணிக்கு நியூயார்க்கில் இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தது. மூன்று மணி நேரம்தானே என்று நம்பிய என் மனைவி, போன் வராமல் தவித்துப்போனாள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். இடையே ஐந்து மணி வித்தியாசம்.

இனி தூரத்தோடு, போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனித்தனியாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர்