கிளிக் கணக்கில் ஒரு கோளாறு

அன்புள்ள செல்வம்,

அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது அறிந்து நிம்மதி.

பிரிட்டனின் தொலைநிலைப் பல்கலைக்கழகமான ஓபன் யுனிவர்சிட்டியின் மாணவர் தரவில் நீ செய்த கணிப்பு மாடல், யார் பாதியில் விலகுவார் என்பதை 93 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த எண்ணைத் துறையில் யாரிடமும் காட்டிவிடாதே. மாணவர்கள் பாட இணையதளத்தில் செய்த கிளிக்குகளை, பருவம் முழுவதற்கும் கூட்டி மாடலுக்குக் கொடுத்திருக்கிறாய். 40ஆம் நாள் விலகியவருக்கு அதன்பிறகு கிளிக் ஏது? நடந்து முடிந்ததைப் பார்த்துவிட்டு மாடல் ஜோசியம் சொல்கிறது.

கிளிக்குகளைப் பருவத்தின் 28ஆம் நாளோடு வெட்டு. பதிவு அட்டவணையில் விலகிய நாள் இருக்கிறது. 28க்குள் போனவர்களை நீக்கிவிடு. அந்த நாளுக்குப் பின் வந்த மதிப்பெண்ணும் உள்ளே வரக்கூடாது. 2013 வகுப்புகளில் மாடலுக்குப் பயிற்சி, 2014இல் சோதனை. வரிசைகளைக் கலைத்துப் பிரித்தால், ஒரே மாணவர் இரண்டு பக்கமும் வந்துவிடுவார்.

மொத்தம் 32,593 பதிவுகளில் 10,156 விலகல். 'யாருமே விலகமாட்டார்கள்' என்று கண்ணை மூடிச் சொன்னாலே 69 சதவீதம் சரி! எச்சரித்தவர்களில் எத்தனை பேர் விலகினார்கள், விலகியவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது: இந்த இரண்டையும் தனித்தனியாகப் போடு.

நடந்து முடிந்ததை வைத்துக் கணக்குப் போடும் இந்த இடத்தில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகமே சறுக்கியது. அவர்களுடைய 'கோர்ஸ் சிக்னல்ஸ்' என்ற மென்பொருள், பாடத்தில் பின்தங்கும் ஆபத்து எவ்வளவு என்று மாணவருக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை காட்டியது. அது உள்ள பாடங்களை இரண்டோ அதற்கு மேலோ படித்தவர்கள் கல்லூரியில் அதிகம் நிலைத்தார்கள் என்று சொல்லி, 21 சதவீத முன்னேற்றம் என்ற எண் பரவியது. 2013இல் கல்வித் தொழில்நுட்பம் பற்றி வலைப்பதிவு எழுதிய மைக் கால்ஃபீல்ட் மடக்கினார்: கல்லூரியில் நிலைத்தவருக்குத்தானே இரண்டாவது பாடம் எடுக்க வாய்ப்பு? அதே துறையின் ஆல்ஃபிரட் எஸ்ஸா கணினியில் போலி மாணவர்களை உருவாக்கி, சிக்னலுக்கு எந்தப் பலனும் இல்லாதபோதும் அதே மாதிரி ஏற்றம் வருவதைக் காட்டினார். இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும், அரை மணி நேர வேலைதான். எந்தப் பாடத்தில் சிக்னல் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தீர்மானித்துவிட்டு, அதே கணக்கை ஓட்டு. அப்போதும் பலன் தெரிந்தால் கோளாறு கணக்கில்தான்.

இன்னொன்று. உன் கிளிக் அட்டவணையில் இருப்பது ஒரு நாளைக்கு எத்தனை கிளிக் என்பது மட்டும். படித்த நேரம் இல்லை. பாடத்தை இறக்கிவைத்துக்கொண்டு பஸ்ஸில் படிப்பவரும் சோம்பேறியாகவே பதிவாவார். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் நிறைந்த பல்கலைக்கழகத்தில் இது சின்ன விஷயமல்ல.

வசிக்கும் பகுதியின் வறுமை நிலை பத்துப் படிகளாக உன் தரவில் இருக்கிறதல்லவா, தவறான எச்சரிக்கைகளை அந்தப் படிவாரியாகப் பிரித்து, 28ஆம் நாள் எண்களோடு அனுப்பு. எந்தப் படியில் அதிகம் விழுகிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
முரளி