ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கும்பிடெல்லாம் சர்ஜனுக்குப் போய்விடுகிறது. உள்ளே வேலை பார்க்கும் எங்களுக்கும் சிலரைக் கும்பிட வேண்டியிருக்கிறது.

முதலில், நோயாளியை வெறும் வயிற்றோடு கூட்டி வந்த வீட்டாருக்கு. இட்லி, கஞ்சி என்றால் ஆறு மணி நேரம் முன்னதாக நிறுத்த வேண்டும். பிரியாணி, பரோட்டா என்றால் எட்டு. வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். "ஒரு வாய் காபிதானே" என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பால் வயிற்றுக்குள் திரிந்து கட்டியாகிவிடும். அதுவும் சாப்பாட்டுக் கணக்குதான். மயக்கத்தில் இருமல் வராது. வயிற்றில் கிடப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. காபி குடித்ததை மறைக்காமல் சொன்னவர்களுக்குத் தனி நன்றி. ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

பிரஷர், சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை என எல்லாச் சீட்டையும் பையில் போட்டு முன்னாலேயே கொண்டுவந்து, எதைப் போடலாம், எதை நிறுத்தலாம் என்று கேட்டவர்கள் எங்கள் வேலையில் பாதியைக் குறைத்தார்கள்.

வார்டு சிஸ்டர்களுக்கு: தாலியைக் கழற்றச் சொல்வது எளிதில்லை. காட்டரி (மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் கருவி) ஓடும்போது உடம்பிலுள்ள உலோகம் சுட்டுவிடலாம் என்று பொறுமையாக விளக்கி, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள வழிசொல்லி அனுப்பினீர்கள். இறுகிப்போன மெட்டியைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழற்றினீர்கள். பல்செட்டை டப்பாவில் போட்டுப் பெயர் எழுதினீர்கள். மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் வைக்கும்போது பல்செட் நழுவினால் மூச்சை அடைக்கும். முடியை பிளேடால் மழிக்காமல் கிளிப்பரால் எடுத்தீர்கள். பிளேடு கீறிய இடத்தில்தான் கிருமி குடியேறும்.

நோயாளிகளே, "பேர் என்ன? எந்தக் கால்?" என்று ஆளாளுக்குக் கேட்டபோது சலிப்பு வந்திருக்கும். கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தாலும் உங்கள் வாயால் கேட்பதுதான் முறை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் தந்த சரிபார்ப்புப் பட்டியலில் மூன்று நிறுத்தங்கள்: மயக்கம் தருமுன், கத்தி வைக்குமுன், தியேட்டரை விட்டு வெளியேறுமுன். முதல் நிறுத்தத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களே.

கருவிகளை 134 டிகிரி நீராவியில் வேகவைத்துக் கொடுத்தவர்கள், ஸ்ட்ரெச்சரில் இன்னொரு போர்வை போட்டுவிட்ட ஊழியர்கள் (உள்ளே குளிரும்), ரத்தம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நன்றி.

வெளியே காத்திருந்தவர்களே, ஒரு மணி நேர ஆபரேஷனுக்கு மூன்று மணி நேரம் ஆனதும் கலங்கினீர்கள். மயக்கம் கொடுக்கவும் தெளியவும் நேரம் பிடிக்கும். முந்தைய கேஸ் நீண்டாலும் தாமதம்தான். வெளியே வந்ததும் உடம்பு நடுங்கும். முதுகில் ஊசி போட்டவருக்குச் சில மணி நேரம் கால் மரத்திருக்கும். அப்போது தண்ணீர் கேட்டவருக்கு, சிஸ்டர் சொல்லும்வரை ஈரப்பஞ்சால் உதட்டை மட்டும் நனைத்தீர்களே, அதற்கும் நன்றி.

இப்படிக்கு,
மயக்கவியல், தியேட்டர் பணியாளர்கள்